கைப்பிடி சுற்றும் மரச் சூரியக் குடும்பம்: ஒரு வாட்ச்காரனின் மதிப்புரை

புத்தகக் காட்சிக்குப் போய்ப் புத்தகம் வாங்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. இந்த முறை நானும் அந்தக் கட்சி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அறிவியல் பொம்மைகள் விற்ற ஒரு ஸ்டாலில் 1,850 ரூபாய் கொடுத்து ஒரு அட்டைப் பெட்டி வாங்கி வந்தேன். உள்ளே லேசரில் வெட்டிய பிளைவுட் பல்சக்கரங்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்கள், பெயின்ட் அடித்த மர உருண்டைகள், ஒரு கைப்பிடி. கோத்து முடித்துச் சுற்றினால், நடுவில் சூரியன் நிற்க, புதன் முதல் வியாழன் வரை ஐந்து கிரகங்களும் அதனதன் வேகத்தில் சுற்றிவரும். பூமிக்குப் பக்கத்தில் குட்டி நிலாவும் உண்டு. சனி கிடையாது. அது 3,200 ரூபாய் மாடலில்தான் வருமாம். காசு கொடுத்துச் சனியை வாங்குவானேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

புரசைவாக்கத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவன் நான். அதனால் பொம்மையைப் பார்க்கும் முன்பே பல்லைத்தான் பார்த்தேன். ஐ கிளாஸ் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) போட்டுப் பார்த்தால் லேசர் கருக்கிய ஓரங்களில் கொஞ்சம் பிசிறு தெரிகிறது, உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒரே அச்சில் வேறு வேறு வேகத்தில் ஓடக் கடிகாரத்தில் என்ன ஏற்பாடோ, அதே குழாய்க்குள் குழாய் ஏற்பாடுதான் இதிலும். வடிவமைத்தவர் யாரோ, வேலை தெரிந்தவர்.

பல் கணக்கிலும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கு 39 பல், 24 பல் ஜோடி. பூமி 8 சுற்று வருவதற்குள் வெள்ளி 13 சுற்று வந்துவிடும். வானத்து வெள்ளியோடு ஒப்பிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம்கூடப் பிசகில்லை. செவ்வாய்க்கு 24, 45. அதில் ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் வித்தியாசம் வருகிறது. வியாழனில்தான் சோம்பல்பட்டிருக்கிறார்கள். 11.86 ஆண்டு என்பதை 12 ஆக்கிவிட்டதால் ஒவ்வொரு சுற்றுக்கும் 50 நாள் பின்தங்கும். பிளைவுட்டில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கிரக உருண்டைகளைத் தாங்கும் கைகளின் நீளத்தில் பூமிக்கு 10 செ.மீ., செவ்வாய்க்கு 15 செ.மீ. இது உண்மை விகிதத்துக்கு நெருக்கம். வியாழனுக்கு அதே கணக்கில் 52 செ.மீ. வேண்டும், கொடுத்திருப்பது 20. மேஜை தாங்காது, சரி. ஆனால் இந்த விகிதங்களைச் சொல்ல முடிந்ததே, சூரியனை நடுவில் வைத்த வானியலாளர் கோப்பர்நிக்கஸின் பெரிய சாதனை. அவருக்கு வெகு காலம் முன்பு பூமியை நடுவில் வைத்த வானியலாளர் தாலமியின் கணக்கில் ஒவ்வொரு கிரகத்துக்கும் தனித்தனி ஏற்பாடு. எது எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்று அதிலிருந்து பிடிக்க வழியில்லை. 1543-ல் வந்த கோப்பர்நிக்கஸின் நூலில் சூரியன் நடுவுக்கு வந்ததும் எல்லாத் தூரமும் ஒரே அளவுகோலில் வந்து உட்கார்ந்தன. பூமியின் தூரம் 1 என்றால் செவ்வாய் ஒன்றரை, வியாழன் ஐந்தேகால் பக்கம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இது சின்ன வேலை இல்லை.

இந்தப் பொம்மையை எதற்கு வாங்கலாம் என்றால், வக்கிரத்துக்கு வாங்கலாம், அதாவது வானத்தில் ஒரு கிரகம் சில நாள் பின்னால் போவது போலத் தெரிவதைப் பார்க்க. குரு வக்கிரம், சனி வக்கிரம் என்று காலண்டரிலும் ராசி பலனிலும் வாசிக்கிறோமே, அதை என் பேத்திக்குச் செய்து காட்டினேன். துடைப்பத்தில் ஒரு நீளமான ஈர்க்குச்சி உருவி, ஒரு முனையைப் பூமி உருண்டையில் நூலால் தளர்வாகக் கட்டி, நடுப்பகுதியைச் செவ்வாய் உருண்டையின் மேல் சாய்த்து வைத்தேன். குச்சி சுவரைக் காட்டும். சுவர்தான் நட்சத்திர மண்டலம். அவள் கைப்பிடியைச் சுற்ற, முனை ஜன்னலிலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து காலண்டர் பக்கம் என்று ஒழுங்காகத்தான் போனது. பூமி செவ்வாயை உள்பக்கமாக முந்தும் இடம் வந்ததும் காலண்டரின் ஓரத்தில் மெதுவாகி நின்றது. அப்புறம் பின்னால் வந்தது. மறுபடி நின்று, பழையபடி முன்னால் போனது. கைப்பிடியை இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் இப்படி ஒரு முறை நடக்கும். வானத்தில் அதற்கு 780 நாள். செவ்வாய் பின்னால் போகவே இல்லை, நாம் முந்திப் போகிறோம் என்பது அவளுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் புரிந்துவிட்டது. இந்த ஒரு காட்சிக்காகத் தாலமி பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டத்தை ஏற்ற வேண்டியிருந்தது.

“கோயில்லயும் சூரியன்தானே தாத்தா நடுவுல இருக்காரு?” என்று கேட்டாள். நவக்கிரகத்தில் சந்திரனும் ராகுவும் கேதுவும் இருக்கிறார்கள், பூமி எங்கே என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு வித்தை பெட்டியில் எழுதப்படாதது. வழுவழுப்பான மொசைக் தரையில் பொம்மையை வைத்து, பூமி உருண்டையை நகரவிடாமல் விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் பீடம் திசை திரும்பாமல் பார்த்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றட்டும். பீடமே பூமியைச் சுற்றி நகர ஆரம்பிக்கும். அதாவது சூரியன் பூமியைச் சுற்றும், மற்றக் கிரகங்கள் சூரியனைச் சுற்றும். டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராகி 1588-ல் வெளியிட்ட மாதிரி இதுதான். கேரளத்தில் நீலகண்ட சோமயாஜி அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இதற்கு நெருக்கமான அமைப்பைச் சொல்லியிருக்கிறார். ஒரு பல்லைக்கூட மாற்றவில்லை, பிடித்த இடம்தான் வேறு. பூமியிலிருந்து பார்த்தால் கிரகங்கள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நகரும். அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலர் கோப்பர்நிக்கஸை உடனே ஏற்காமல் தயங்கியதற்குக் காரணம் வெறும் பிடிவாதம் இல்லை என்று இதைச் செய்து பார்த்தால் தெரியும்.

சரி, குறைக்கு வருவோம். பொம்மை 1543-ஐத் தாண்டவில்லை. எல்லாக் கிரகமும் சரியான வட்டத்தில், ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறது. கோப்பர்நிக்கஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தாலமியின் கணக்கில் வட்டத்தின் மையத்திலிருந்து பார்த்தால் சீராகச் சுற்றாமல், தள்ளி இருக்கிற வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால் மட்டும் சீராகத் தெரிகிற ஒரு ஏற்பாடு உண்டு. கோப்பர்நிக்கஸுக்கு அது பிடிக்கவே இல்லை. சீராக ஓடாத வீலைக் கண்டால் எனக்கும் கை பரபரக்கும் என்பதால் அவர் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

ஆனால் செவ்வாய் உண்மையிலேயே சீராக ஓடுவதில்லை. டைக்கோ வெறுங்கண்ணால் எடுத்து வைத்த அளவுகளோடு, அவருக்குப் பின் வந்த வானியலாளர் கெப்ளர் தன் கணக்கை ஒப்பிட்டபோது 8 கலை இடித்தது. ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு அளவுதான் அந்தப் பிசகு. வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். கெப்ளர் வருடக்கணக்கில் மல்லாடி, 1609-ல் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று எழுதினார். இந்தப் பொம்மையில் கெப்ளரைக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாயின் 15 செ.மீ. கை, குறுகிய பக்கத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்தால் போதும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் சூரியனை நடுவிலிருந்து 1.4 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது செவ்வாய், மிகத் தொலைவில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓட வேண்டும். சாதாரணப் பல்சக்கரத்தால் அது ஆகாது. பெட்டியின் மேல் ‘துல்லியமான சூரியக் குடும்பம்’ என்று அச்சடிக்காமல் இருந்திருக்கலாம்.

கூட வரும் கையேட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கோப்பர்நிக்கஸ் தொலைநோக்கியில் பார்த்து நிரூபித்தார் என்று போட்டிருக்கிறது. தொலைநோக்கி வெளியில் தெரியவந்தது 1608-ல், அவர் இறந்தது 1543-ல். வியாழனின் நிலாக்களைக் கலிலியோ பார்த்தது 1610 ஜனவரியில். தாலமியின் குட்டி வட்டங்களைக் கோப்பர்நிக்கஸ் ஒழித்துவிட்டார் என்றும் இருக்கிறது. வக்கிரத்துக்காக ஏற்றிய குட்டி வட்டங்கள் போனது நிஜம், ஆனால் வேகக் குறைகளைச் சரிக்கட்ட அவரும் வேறு சின்ன வட்டங்களை வைத்துக்கொண்டார். கோக்கும் படங்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன, அவற்றுக்காகப் பத்திரப்படுத்தலாம்.

ஐப்பசி மழையில் பிளைவுட் ஊறிக்கொண்டு கைப்பிடி இறுகிவிடுகிறது. எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்துவிடும். பல்லில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். கொலுவில் வைப்பவர்கள் அதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் தாங்களே கோத்துவிடுவார்கள், அதற்குக் கீழே பெரியவர்கள் உட்கார வேண்டும். நிலாவைச் சுற்றவைக்கும் ரப்பர் பேண்ட் சென்னை வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். அதே அளவில் ஒரு ஓ ரிங் வாங்கி மாட்டிவிடுங்கள்.