பாலாற்றங்கரையில் இரண்டு அரசியல் வினாடி வினாக்கள்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்த என் மாமாவுக்கு, ஒருவரின் அரசியல் சாய்வைக் காட்டும் இரண்டு இணைய வினாடி வினாக்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

முதலாவது, 2001-இல் வந்த பொலிட்டிக்கல் காம்பஸ். அதில் 62 கூற்றுகள். பொருளாதாரம் ஓர் அச்சு, அதிகாரம் இன்னோர் அச்சு. நிறுவனங்கள் தாமாகச் சுற்றுச்சூழலைக் காக்கமாட்டா, கட்டுப்பாடு தேவை என்கிறது ஒரு கூற்று. கறை படிந்த நகங்களைப் பார்த்தபடி, "பாலாற்றைக் கண்டவன் வேறென்ன சொல்வான்?" என்றார். உடனே, "ஆலையை மூடினால் சோற்றுக்கு எங்கே போவது?" என்றும் கேட்டார். பாலாற்று மாசு தொடர்பான 1996 வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் எடைபோட்டதும் இந்த இரண்டையும்தான். உறுதியாக ஏற்கிறேன் என்பதிலிருந்து உறுதியாக மறுக்கிறேன் என்பதுவரை உள்ள நான்கு விடைகளில் அந்தத் தவிப்புக்கு இடமில்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் 2021 வினாடி வினா. அது அமெரிக்கர்களை அரசியல் கருத்துப்படி ஒன்பது குழுக்களாகப் பிரிக்கிறது. குழுக்கள் பெரிய கருத்துக்கணிப்பிலிருந்து பிறந்தவை. அந்த நாட்டுக்கு அதையே நம்புவேன். நம் இடஒதுக்கீட்டுக்கும் மொழி உரிமைக்கும் அதில் கேள்வியே இல்லை.

நமக்கு முதலாவதே மேல். உடன்பாடா என்பதோடு எவ்வளவு உறுதியாக என்றும் கேட்கிறது. குடிநீர் புட்டியில் விற்கும் பண்டமாகிவிட்டதே என வருந்தும் கூற்று வந்தபோது, "உறுதியாக ஏற்கிறேன்" என்பதை மாமா தாமே அழுத்தினார்.