காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வெள்ளி ரூபாய்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஆட்கள் வருவது தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் பழைய சாமி படத்துக்கும்தான். வெள்ளிக்காசு அங்கே உபரி வியாபாரம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும், கேட்டால் எடுத்துக் கொட்டுவார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு விலை என்று இங்கே கிடையாது. விக்டோரியா ராணி தலை போட்ட காசும் ஜார்ஜ் ராஜா தலை போட்ட காசும் அநேகமாக ஒரே விலைதான். தெரிந்தவருக்கு அது லாபம். ஆனால் அதே டின்னில் போலியும் கலந்து கிடக்கும், விற்பவருக்கே பிரித்துச் சொல்ல வராது.

போகும்போது 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு லென்ஸ், ஒரு காந்தம், கொஞ்சம் தையல் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய்க் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. புழங்கித் தேய்ந்தது 11.4 வரை இறங்கலாம். பளிச்சென்று தேய்மானமே இல்லாமல் 10.8 காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 10.69-ஆல் பெருக்கினால் காசின் உலோக மதிப்பு வந்துவிடும், பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

இங்கே அதிகம் ஏமாறுவது ஆறாம் ஜார்ஜ் காசில். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான். எடை அதே 11.66 என்பதால் தராசு காட்டிக் கொடுக்காது. விளிம்பைப் பாருங்கள்: வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். விக்டோரியா விலைக்கு இதை வாங்கினால் வெள்ளியில் கிட்டத்தட்ட பாதி நஷ்டம். 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

விலை கூடிய காசென்றால் தண்ணீர் சோதனை இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். 91.7 சதவீதக் காசென்றால் தராசு 1.13 காட்டும், பாதி வெள்ளி என்றால் 1.22. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் கலவை 1.3-ஐத் தாண்டிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆத்தங்குடிக் கல் தரையில் டங்கென்று போட்டுச் சத்தம் காட்டுவார், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். விளிம்பு நசுங்கினால் காசின் மதிப்பு போயிற்று. விரல் நுனியில் காசைப் படுக்கவைத்து இன்னொரு காசால் லேசாகத் தட்டினாலே வெள்ளியின் நீண்ட ரீங்காரம் கேட்கும்.

1862 விக்டோரியாவை அபூர்வம் என்பார்கள். அந்த வருஷத்தை மாற்றாமலே 1870-கள் வரை அடித்துத் தள்ளினார்கள், மலிந்து கிடக்கும் காசு அது. 1911 ஐந்தாம் ஜார்ஜ் நிஜமாகவே கவனிக்க வேண்டியது. ராஜாவின் மேலங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் பெருமளவு உருக்கப்பட்டது, 1912-இல் யானையைத் திருத்தினார்கள். 1939 ரூபாயை இந்த மாதிரிக் கடையில் வாங்கவே வேண்டாம். 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியது நிறைய உலவுகிறது. லென்ஸில் பார்த்தால் அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் தளம் கீறியிருக்கும்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், லட்சுமி போட்டு 1818 என்று எழுதிய 'கம்பெனி காசு' எல்லாமே கற்பனைச் சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி எதையும் அடித்ததில்லை. அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு இங்கே வர உண்மையான காரணம் கடல் தாண்டி வந்த காசுதான். நகரத்தார் கொண்டுவிற்ற இடங்களின் காசு இந்த டின்களில் தலைகாட்டும்: மலேயாப் பக்கத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், சைகோன் பக்கத்துப் பியாஸ்டர், பர்மா மன்னர் மிண்டோனின் மயில் ரூபாய். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் வருஷம் பார்த்து எடை போடுங்கள்: 1903-இல் 26.95 கிராம், 1907 முதல் 20.21, இரண்டும் 90 சதவீத வெள்ளி. 1919, 1920 டாலர் 16.85 கிராம், பாதி வெள்ளி. 1895-க்குப் பின் 1928 வரை வந்த பியாஸ்டர் 27 கிராம். இதில் போலி கொட்டிக் கிடக்கிறது, காந்தத்தை முதலில் வையுங்கள். சில இரும்புச் சரக்கு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். 'செட்டியார் வீட்டுப் பெட்டகத்திலிருந்து வந்தது' என்ற கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். காசுமாலைக்கு வளையம் பற்றவைத்து எடுத்த காசில் வரிகள் மழுங்கி ஈயப் பொட்டு தெரியும். உலோக விலைக்கு மேல் தரவேண்டாம். கடைகளின் பெரிய குறை, விற்கும் முன் விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடுவது. தேய்க்காத கறுப்புக் காசு இருந்தால் அதையே கேளுங்கள், வீட்டிலும் தேய்க்காதீர்கள். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும். கெட்டியான அக்ரிலிக் கூடு, கூடவே சிலிக்கா ஜெல் போதும். ரப்பர் பேண்டிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும், அதைப் போட்டுக் கட்டாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. 'ஒண்ணு ரெண்டு கேக்க மாட்டாங்கண்ணே' என்று கடையில் சொல்வார்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.