சில்வர் கிரவுனா, இறக்கை வைத்த ஸ்பிரிண்ட் காரா?

அமெரிக்க மண் தடப் பந்தயங்களில் எனக்குப் பிடித்தது சில்வர் கிரவுன் என்ற கார் பந்தயத் தொடர்தான். காரின் மேல் பொருத்தும் இறக்கை மாதிரியான பலகை கிடையாது, இடது வளைவில் பின்பக்கம் வழுக்க, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பி நிற்க, ஓட்டுநர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூட்டம் குறையாமல் என்ன செய்யும்? 1970 வரை ஃபாய்ட், ஆண்ட்ரெட்டி மாதிரி, அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான இண்டி 500-ஐ ஜெயித்தவர்களே, அந்தப் பந்தயம் சேர்ந்த அதே சாம்பியன்ஷிப்பின் புள்ளிகளுக்காக மண்ணிலும் ஓட்டினார்கள், 1971-இல் மண் போட்டிகளை இப்போது சில்வர் கிரவுன் என்கிற தனித் தொடராகப் பிரித்ததும் அந்த ஈர்ப்பு போச்சு. அப்புறம் ஒரு மைல் தடத்தில் 100 சுற்று, ஒருத்தர் முன்னால் போய்விட்டால் கொட்டாவிதான்.

ஸ்பிரிண்ட் கார் என்றால் மண் தடத்துக்கான சின்ன, அதிக சக்தி கொண்ட பந்தயக் கார். இறக்கை வைத்த அந்தக் கார்களுக்காக 1978-இல் தொடங்கிய தொடரான வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸில் தடமும் சின்னது, சுற்றும் குறைவு, இறக்கை காரைத் தரையோடு அழுத்துவதால் வளைவிலும் அசுர வேகம். முதல் தடவை பார்க்கிறவர்களை அங்கேதான் கூட்டிப்போகணும், களிமண் சட்டையில் வந்து தெறிக்கும்.