ஸ்னிப்பெட் ஃபோல்டரும் வளைந்த மேற்கோள் குறியும்: 4 வருட அனுபவம்

கல்லூரி நண்பன் ஒருவன் நேற்று கேட்டான்: "உங்க டீம்ல சின்னச் சின்ன கோட் துண்டெல்லாம் எங்கேடா வைக்கிறீங்க?" அவன் புதிதாக ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறான். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர். 2021-லிருந்து ஸ்னிப்பெட்களை, அதாவது அந்தச் சின்னச் சின்ன கோட் துண்டுகளை, கிட் ரெப்போவிலேயே (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் பொதுக் கிடங்கு) வைக்கிறோம். விஎஸ் கோட் எடிட்டரில் ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக ஒரு ஸ்னிப்பெட் ஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ரெப்போவை புல் செய்கிற (புதிய மாற்றங்களைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்கிற) எல்லாருக்கும் அது தானாக வந்துவிடும். டெர்மினல் கமாண்டுகளுக்கு அதே ரெப்போவில் ஒரு ஃபோல்டர், விஷயத்துக்கு ஒரு மார்க்டவுன் (எளிய உரை) ஃபைல். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. போன வருடம் சேர்ந்த பெண், முதல் வாரத்திலேயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மந்தமாக இருப்பதைக் கவனித்து, எடிட்டரில் 'ஸ்லோ' என்று அடித்து டேப் தட்டினார். வெகுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளைப் பட்டியலிடும் எஸ்கியூஎல் கட்டளை முழுதாக வந்து நின்றது. எத்தனை நிமிடம் என்று நிரப்ப வேண்டிய இடத்தில் கர்சர் காத்திருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் அவர் எந்த நாள் எழுதினார், எதற்காக எழுதினார் என்று கமிட்டில் (மாற்றத்தைச் சேமித்த பதிவு) இருக்கிறது. போனவர் விட்டுச்சென்ற அறிவு புதிதாக வந்தவர் கைக்கு இவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஸ்னிப்பெட் எழுதும் முறை டெக்ஸ்ட்மேட் எடிட்டரிலிருந்து வந்தது. டாலர் 1, டாலர் 2 என்று நிரப்ப வேண்டிய இடங்கள், கடைசியில் கர்சர் நிற்க டாலர் 0. ஷெல் (டெர்மினலில் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டை ஸ்னிப்பெட்டாக மாற்றும்போது உள்ளே இருக்கும் நிஜ டாலர் குறிகளுக்கு முன்னால் இரண்டு பின்சாய்வு போட வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

இவ்வளவு இருந்தும், அவசரத்தில் எல்லாரும் கமாண்டைப் போடுவது அரட்டைச் செயலியில்தான். ஃபோல்டருக்குள் வருவதும் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்து ஒட்டப்பட்டதுதான். அந்த வழியில் எங்கேயோ ஓர் இடத்தில், போன் கீபோர்டோ டாகுமென்ட் எடிட்டரோ, நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடுகிறது. நேர்க்குறியின் யூனிகோட் எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள எண்) 34. வளைந்து திறப்பது 8220, வளைந்து மூடுவது 8221. கண்ணுக்கு அழகான வித்தியாசம். ஷெல்லுக்கோ இந்த மூன்றில் 34 மட்டும்தான் மேற்கோள் குறி, மற்ற இரண்டும் ஏதோ எழுத்து. பைத்தான் 3.9-லிருந்து எந்தக் குறி தவறு என்று அதன் யூனிகோட் எண்ணோடு சொல்லிவிடுகிறது. ஷெல் அப்படிச் சொல்வதில்லை, தனக்குப் புரிந்தபடி ஓட்டிவிடுகிறது.

மேற்கோள் குறியாவது பெரும்பாலும் பிழையில் முடியும். உண்மையில் பயமுறுத்துவது கோடு, அதாவது ஹைஃபன். அடுத்தடுத்து அடித்த இரண்டு சிறு கோடுகளை இதே வசதி ஒரே நீளக் கோடாக, 8212-ஆக, மாற்றிவிடும். 2023-ல் ஒரு ராத்திரி 11 மணிக்கு இது எங்களைப் பதம் பார்த்தது. பழைய ஏற்றுமதி ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எங்களிடம் இருந்தது. 'ட்ரை-ரன்' என்ற ஆப்ஷன் கொடுத்தால் எதை அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும். சக ஊழியர் அந்தக் கமாண்டைப் போனிலிருந்து அனுப்பினார். முன்னால் இருந்த இரண்டு கோடு ஒன்றாகிவிட்டது. ஸ்கிரிப்ட் அதை ஆப்ஷனாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே அழிக்க ஆரம்பித்தது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க விடியற்காலை 3 மணி ஆனது.

அனுப்பியவர் மேல் தப்பில்லை, அவர் சரியாகத்தான் அடித்தார். ஸ்கிரிப்டை எழுதியது நான். தெரியாத ஆர்க்யூமென்ட் (கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கும் சொல்) வந்தால் நின்றுவிட வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். அதைவிட, சும்மா ஓட்டினால் பட்டியல் மட்டும், அழிக்கத் தனியாக ஓர் ஆப்ஷன் என்று தலைகீழாக வைத்திருக்க வேண்டும். அடுத்த நாளே இரண்டையும் மாற்றினேன். உங்களிடம் அப்படி ஸ்கிரிப்ட் இருந்தால் தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.

நியாயமாகச் சொன்னால் வளைந்த குறி கெட்டதல்ல. புத்தகத்தில் அதுதான் சரி. தட்டச்சு இயந்திரத்தில் சாவிகளைக் குறைக்க, திறக்கவும் மூடவும் ஒரே நேர்க்குறியை வைத்தார்கள். கணினி அதையே எடுத்துக்கொண்டது, நிரல்மொழிகள் அதன் மேல் நின்றன. கட்டுரை எழுதுகிறவருக்கு இந்த மாற்றம் உதவிதான். செயலியில் கோட் ப்ளாக்குக்குள் (முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் குறி போட்ட பகுதி) போட்டால் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதுவும் உண்மை. ஆனால் ராத்திரி 11 மணிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு உதவி செய்கிறவரிடம் மூன்று பேக்டிக் தேடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு எதிரி 160-ம் எண் இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண இடைவெளி போலவே தெரியும், ஆனால் ஷெல் அதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று சொல்லும். லினக்ஸில் கேட் கமாண்டோடு பெரிய 'ஏ' ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ரெப்போவில் ஒரு ப்ரீ-கமிட் ஹூக் (மாற்றத்தைச் சேமிக்கும் முன் சோதிக்கும் சிறு நிரல்) வைத்தேன். 8211, 8212, 8216, 8217, 8220, 8221, 160 (8211 இன்னொரு நீளக் கோடு, 8216-ம் 8217-ம் வளைந்த ஒற்றை மேற்கோள் குறிகள்) இவற்றில் எது இருந்தாலும் கமிட் ஆகாது. வைத்த பிறகு ஃபோல்டருக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. ஆனால் ஹூக் காவல் இருப்பது ஃபோல்டருக்கு மட்டும். அரட்டையிலிருந்து நேராக டெர்மினலுக்குப் போவதை அது தடுக்காது.

நண்பன் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பெண் கேட்டான். போன மாதம் கேட்டிருந்தால் 5-க்கு 5 கொடுத்திருப்பேன். நேற்று 2 என்றேன். "இவ்வளவு புகழ்ந்துட்டு ரெண்டா?" என்றான். ஆமாம். நேற்று மாலைதான் ஃபோல்டரில் அழகாக இருக்கும் அதே கமாண்டை ஒருவர் நினைவிலிருந்து அரட்டையில் அடித்தார், இன்னொருவர் எடுத்து ஓட்டினார், நடுவில் அதே நீளக் கோடு. ஸ்கிரிப்ட் இந்த முறை நின்றுவிட்டது. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க நேரமானது.

நண்பனுக்கு ஹூக்கை அனுப்பிவிட்டேன். இன்று காலை குழுவில் ஐபோன் வைத்திருப்பவர்களிடம் போனை வாங்கி, செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போய் 'ஸ்மார்ட் பங்ச்சுவேஷன்' என்பதை நானே அணைத்துக் கொடுத்தேன். மேக் வைத்திருப்பவர்களுக்கும் கீபோர்டு அமைப்பில் அதே வேலை. இருவர் இன்று விடுமுறை. திங்கட்கிழமை அவர்களுடையதையும் வாங்கிவிடுவேன்.