டர்பன் வியாபாரம்: வாய்ச்சொல்லா, எழுத்து ஒப்பந்தமா?

டர்பனில் தலைமுறை தலைமுறையாக ஒரே கடைக்குச் சரக்குப் போடும் நம்மவர்கள் பலர் இன்னும் வாய்ச்சொல்லைத்தான் நம்புகிறார்கள். அதில் தப்பில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பெரும்பாலும் செல்லும். நிலம் விற்பது, பிணை நிற்பது போன்ற சிலவற்றுக்கே எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். மழை கெடுத்த வாரத்தில் காய்கறி விலையை மாற்ற ஒரு போன் போதும்.

ஆனால் பெரியவர் காலமாகி மகன் கணக்கைக் கையில் எடுக்கும்போது, அன்று என்ன பேசினார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. பாக்கி விஷயம் இன்னும் மோசம். சாதாரண வியாபாரக் கடன் 3 ஆண்டில் காலாவதியாகிவிடும். இடையில் கடன்பட்டவர் அதை ஒப்புக்கொண்டால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். பழக்கத்துக்காகப் பொறுத்துப்போகிறவர்தான் இதில் அதிகம் இழக்கிறார்.

சரி, எழுத்தில் போட்டால்? அங்கேயும் கவனம் வேண்டும். 'இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டால்தான் மாற்றம் செல்லும்' என்று ஒப்பந்தத்தில் எழுதிய பிரிவை 1964ஆம் ஆண்டு ஷிஃப்ரன் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் கறாராக மதிக்கின்றன. நட்புக்காக வாயால் கொடுத்த தவணைச் சலுகை பிறகு நிற்காமல் போகலாம். 2014இல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அடியில் பெயர் போட்ட மின்னஞ்சலையே கையெழுத்தாக ஏற்றது. எனவே சலுகை கொடுத்தால் அன்றே இருவரும் பெயர் போட்டு மின்னஞ்சலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

நீண்ட உறவுக்கு நான் எழுத்தையே சொல்வேன். இரண்டு பக்கம் போதும்: பாக்கிக் கெடு, சரக்கின் தரம், விலகும் அறிவிப்புக் காலம். விலையை மட்டும் வாராவாரம் பேசிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.