நரம்பு வலிக்கு மாத்திரையா, பேட்ச்சா? நான் ஏன் பேட்ச்சுக்கு மாறினேன்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து, தையல் ஆறி, இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அந்த வலி ஆரம்பித்தது. தழும்பில் இல்லை. மேல்கையின் உட்பக்கம், அக்குளிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை. குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றினேன், சுரீரென்று நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. அதே இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் மரத்துக் கிடந்தது. மரத்துப்போன தோல் எப்படி எரியும் என்று அன்றைக்குப் புரியவில்லை.

மருத்துவர் படம் வரைந்து காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து கிளம்பி, அக்குளைத் தாண்டி, மேல்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு இருக்கிறது. நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அது இழுபடும், சில சமயம் வெட்டுப்படும். அடிபட்ட நரம்பு தொடு உணர்ச்சியைச் சரியாகக் கடத்தாது, ஆனால் வலி என்ற சேதியை மட்டும் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். டென்மார்க்கில் மார்பக அறுவை செய்துகொண்ட 3,000க்கும் அதிகமான பெண்களிடம் கேட்டு 2009ல் வெளியான ஆய்வில், இரண்டு மூன்று வருடங்கள் கழித்தும் வலி இருப்பதாக 47 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் எல்லாமே நரம்பு வலி இல்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் இது என் மனப்பிரமை இல்லை என்று தைரியமாக அடுத்த கேள்விக்குப் போனேன்: என்ன செய்வது?

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்குப் பெரிதாக எடுபடாது. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உண்மையான போட்டி இரண்டு பக்கத்துக்கு நடுவில்தான். ஒரு பக்கம் உடம்பு முழுக்கப் போகும் நரம்பு மாத்திரைகள், இன்னொரு பக்கம் வலிக்கிற இடத்தில் மட்டும் போடுகிற மருந்துகள்: தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் பசை.

மாத்திரைகளில் மூன்று வகை. காபாபென்டின், பிரிகாபாலின் ஒரு வகை. இவை வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் இன்னொரு வகை, பழைய மனச்சோர்வு மருந்துகள், வலிக்குக் குறைந்த அளவில் ராத்திரியில் கொடுப்பார்கள். மூன்றாவது டுலோக்செடின், இதுவும் மனச்சோர்வு மருந்துதான், ஆனால் புதிய வகை. ஆய்வு பலத்தை மட்டும் பார்த்தால் மாத்திரைகள்தான் முன்னால் நிற்கின்றன. நரம்பு வலி மருந்துகளை எல்லாம் சேர்த்து அலசி 2015ல் வந்த சர்வதேசப் பரிந்துரையில் இந்த மூன்று வகையும் முதல் வரிசை, மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் மருந்துள்ள பேட்ச்சும், மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் உள்ள வீரியமான பேட்ச்சும் இரண்டாம் வரிசை. அதே அலசலில், ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு அமிட்ரிப்டிலின் வகைக்குச் சுமார் 4, டுலோக்செடின் வகைக்கு 6, பிரிகாபாலினுக்கு 8. அதாவது முதல் வரிசை மருந்துகூட எல்லோருக்கும் கேட்பதில்லை. முதல் மாத்திரை பலிக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம் என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன்.

டுலோக்செடின் விஷயத்தில் ஒன்று. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையான டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடங்கும் முன் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். டாமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற கல்லீரல் நொதியை டுலோக்செடின் ஓரளவு தடுக்கும். நான் டாமாக்சிஃபெனில் இருந்ததால் அந்தக் கதவு ஆரம்பத்திலேயே மூடிவிட்டது. அமிட்ரிப்டிலினை நான் சாப்பிட்டதில்லை, அதனால் அதைப் பற்றி அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன். வாய் உலர்வு, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் அதன் வழக்கமான தொந்தரவுகள். இதயக் கோளாறோ கண் அழுத்தமோ உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

எனக்குக் கொடுத்தது பிரிகாபாலின். ராத்திரி 75 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் காலையும் சேர்த்து இரண்டு வேளை. நியாயமாகச் சொல்ல வேண்டும், வலி குறைந்தது. பத்துக்கு ஏழு என்று இருந்தது நான்காக இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு விடியும் வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு இப்போதும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் பகல் போய்விட்டது. என் வேலை கணக்குப் பார்ப்பது. ஒரே வரியை மூன்று தடவை படித்துவிட்டு, நான்காவது தடவை எந்த வரியில் இருந்தேன் என்று தேடுவேன். பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்த பெயர் நாக்குக்கு வராது. ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இன்னொன்று இருக்கிறது என்பதையே மறந்து கால் வைத்தேன். கைப்பிடியைப் பிடிக்க அறுவை செய்த பக்கத்துக் கையை நீட்ட வேண்டியதாயிற்று. விழவில்லை. ஆனால் அன்றைக்கு இரவெல்லாம் அந்தக் கை எரிந்தது. ஹார்மோன் சிகிச்சையில் சில மாத்திரைகள் எலும்பை மெலிய வைக்கக்கூடியவை. அப்படிப்பட்டவர்கள் இந்தத் தலைசுற்றலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எடை கூடுவது, கால் வீங்குவது எல்லாம் அப்புறம்.

இந்த இடத்தில்தான் என் முடிவு மாறியது. வலிக்கிற இடம் என் உள்ளங்கை இரண்டை அடுத்தடுத்து வைத்தால் மூடிவிடும் அளவு. அதற்காக நாள் முழுக்க மூளையைத் தொடுகிற மருந்து. காலையும் இரவும் சாப்பிட்டால் 24 மணி நேரத்தில் மருந்து இல்லாத மணி என்று ஒன்றுமே இல்லை. வலி எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்க்காமல், எந்த மணி நேரங்கள் எனக்கு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கு வலி உச்சத்துக்குப் போவது பகலில், துணி உரசும்போது. தெளிவாக இருக்க வேண்டியதும் அதே பகலில். மாத்திரை இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தது.

லிடோகைன் 5 சதவீத பேட்ச் 10 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர் இருக்கும். உள்ளே 700 மில்லிகிராம் மருந்து. அதில் சுமார் 3 சதவீதம்தான் ரத்தத்தில் கலக்கும், மீதி பெரும்பாலும் பேட்ச்சிலேயே தங்கிவிடும். 12 மணி நேரம் போட்டு, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். அந்த 12 மணி எது என்பது நம் கையில். நான் காலை எட்டுக்கு ஒட்டி ராத்திரி எட்டுக்கு எடுக்கிறேன். படுத்தால் எரிகிறவர்கள் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. முழுப் பேட்ச்சை அக்குளில் ஒட்டினால் வியர்வையிலும் மடிப்பிலும் ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும். பின்பக்கத் தாளை உரிக்கும் முன்பே கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொள்வேன். ஒரு துண்டு மேல்கையின் உட்பக்கம், இன்னொன்று அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். அக்குளின் குழியை அப்படியே விட்டுவிடுவேன். தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புண் இருந்தாலோ, ரேடியேஷனில் தோல் உரிந்திருந்தாலோ போடக் கூடாது. அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, மருந்து அதிகமாக உள்ளே போய்விடும். கழற்றிய பேட்ச்சிலும் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

வலி? நான்கிலேயே நிற்கிறது, சில நாள் ஐந்து. பிரிகாபாலினை விடச் சிறப்பு என்று சொல்ல முடியாது. உரசல் வலி அடங்குகிறது, நடுவில் வரும் மின்னல் மாதிரியான குத்தல் அப்படியே இருக்கிறது. இதையும் மறைக்கக் கூடாது: புற்றுநோய் அறுவைக்குப் பிறகான நரம்பு வலிக்கு லிடோகைன் பேட்ச்சையும் மருந்தில்லாத பேட்ச்சையும் வைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2009ல் வந்தது. அதில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம். பிரிகாபாலினை அப்படி நிறுத்த முடியாது. மருத்துவர் சொன்னபடி இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்துத்தான் வெளியே வந்தேன்.

கேப்சைசின் பசைக்கு, விசித்திரமாக, இதே வலியில் நல்ல சான்று உண்டு. 1997ல் வெளியான ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய நரம்பு வலி உள்ள 99 புற்றுநோயாளிகள் 0.075 சதவீதப் பசையை ஒரு நாளைக்கு நான்கு முறை, எட்டு வாரம் தடவினார்கள். வெறும் பசையை விட அது தெளிவாகவே வேலை செய்தது. நான் பத்து நாளில் விட்டுவிட்டேன். முதல் வாரங்களில் எரிச்சல் கூடத்தான் செய்யும், அதைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் பலன். தடவிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது என்ற பயம் வேறு. 8 சதவீத பேட்ச்சை மருத்துவமனையில்தான் போடுவார்கள், ஒருமுறை போட்டால் மூன்று மாதம் வரை தாங்கலாம். நான் அதுவரை போகவில்லை.

மாத்திரைதான் சரி என்று நானே சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். வலி மார்பு, முதுகு, கை என்று பரந்திருந்தால் பேட்ச் போதாது. ராத்திரித் தூக்கமே பிரச்சினை என்றால் தூக்கக் கலக்கம் அங்கே உதவியாகவே இருக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பிரிகாபாலின், காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும். மார்ஃபின் வகை மருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலியின் இடமோ குணமோ திடீரென்று மாறினாலும், புதுக் கட்டியோ வீக்கமோ தெரிந்தாலும் இந்த ஒப்பீட்டை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேட்ச்சோடு நான் சேர்த்துச் செய்வது ஒன்று உண்டு, ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது. பேட்ச் இல்லாத நேரத்தில், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து ஐந்து நிமிடம், வலிக்கிற தோலைத் துணியால் தடவிப் பழக்குவது. முதலில் பட்டு, அப்புறம் பருத்தி, அப்புறம் துண்டு. ஒரு துணி பழகிய பிறகுதான் அடுத்தது. பட்டுக்கே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், நான்கு மாதத்தில் துண்டு வரைக்கும் வந்திருக்கிறேன். குளித்துவிட்டு இப்போது அந்தக் கையைத் துடைக்கிறேன். கம்பளிக்கு இன்னும் கை பின்வாங்குகிறது.