லுமுட் படகுத்துறை வாசலில் யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வாரம் ஈப்போவிலிருந்து அம்மா, சின்னம்மா, பிள்ளைகள் என்று ஆறு பேர் போனோம். தீவுக்கு ஃபெர்ரி ஏறும் லுமுட் அமைதியான ஊர், ஒரு பக்கம் கடற்படைத் தளம், ஒரு பக்கம் படகுத்துறை, அங்கே ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காரை நிறுத்தி இறங்கியதும் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்தார். "அக்கா, ஃபெர்ரி இப்பதான் போச்சு, அடுத்ததுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், எங்க படகுல வாங்க" என்றார். தமிழில் பேசியதுமே அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தீவைச் சுற்றிக் காட்டுவது, ஸ்நோர்கலிங் (கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்ப்பது), டச்சுக் கோட்டை, பத்திரகாளியம்மன் கோயில், 4 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது, எல்லாம் சேர்த்து 540 வெள்ளி (ரிங்கிட்). கொடுத்துவிட்டேன். ரசீது என்று தந்த துண்டுக் காகிதத்தில் 6, 540 என்று இரண்டு எண்கள்தான் இருந்தன. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை.

எங்கள் படகு கிளம்பும்போது பார்த்தால் ஃபெர்ரி துறையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது!

என் மகளுக்கு 7 வயது. அவளுக்குத் தந்தது பெரியவர்கள் போடும் மிதவைச் சட்டை, அதிலும் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். வழி முழுக்க அந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, இது இன்னும் மனசு ஆறவில்லை.

பங்கோரை ஒட்டிய சின்னத் தீவான கியாம் பக்கம் 15 நிமிஷம் நிறுத்தினார்கள், கண்ணாடிக்குள் தண்ணீர் ஒழுகியது, அவ்வளவுதான் ஸ்நோர்கலிங். அப்புறம் பங்கோரின் தெலுக் நிப்பா கடற்கரையில் இறக்கிவிட்டு, கோட்டையும் கோயிலும் தீவின் அந்தப் பக்கம், டாக்சி உங்கள் செலவு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் 4 மணிக்கும் வரவில்லை, 5 மணிக்கும் வரவில்லை. பிள்ளைகள் மரத்துக்கு வந்த இருவாய்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இளஞ்சிவப்பு வேன் டாக்சி ஒன்றைப் பிடித்துப் பங்கோர் துறைக்குப் போனோம், நல்ல மனிதர், ஏறுவதற்கு முன்பே விலையைச் சொன்னார். கடைசி ஃபெர்ரியை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எங்கேயும் இறங்கவில்லை. கடலைப் பார்த்து நிற்கும் கோயிலை அம்மா வண்டியிலிருந்தே கும்பிட்டார். மகன் கோட்டையைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான், 1670ல் ஈயத்தைச் சேமிக்க டச்சுக்காரர்கள் கட்டியது, 1690ல் உள்ளூர்க்காரர்கள் தாக்கிய பிறகு விட்டுப் போனார்கள், 1743ல் திரும்பி வந்தார்கள் என்று வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தவன் கோட்டையைத் தாண்டியதும் பேசவில்லை.

நீங்கள் போனால் நேராக முனையத்துக்குள் போய்க் கவுண்டரில் ஃபெர்ரி டிக்கெட் எடுங்கள். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று அங்கேயே கேளுங்கள். தீவில் இறங்கியதும் வேன் டாக்சியிடம் கோட்டை, பக்கத்தில் இருக்கும் எழுத்துப் பாறை, கோயில் மூன்றையும் சொல்லி விலை பேசுங்கள். படகுச் சவாரி வேண்டுமா, தெலுக் நிப்பா கடற்கரையிலேயே கிடைக்கும், மிதவைச் சட்டையைப் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சுற்றுலா ஏற்பாட்டாளர் என்று யாராவது சொன்னால் உரிம எண் கேளுங்கள், படகின் பதிவு எண்ணைப் படம் எடுங்கள்.

நான் எடுக்கவில்லை. அந்தத் துண்டுக் காகிதம் மட்டும்தான் இருக்கிறது. நேற்று இரவு புகார் எழுத உட்கார்ந்தேன், யார் மீது என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை.